ஊழும் உள்ளத்து உரிமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நிறைவு விழாவில் நீங்கள் பேச வேண்டும், பொருள் உங்கள் விருப்பம்" என்று செயலாளர் கூறினார். மனிதனுக்குத் தன் விருப்பப்படி செயலாற்றும் உரிமை உண்மையிலேயே உண்டா என்ற பொருளை நான் தேர்ந்தெடுத்தேன். 'தேர்ந்தெடுத்தேன்' என்னும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நானாகத் தேர்ந்தேனா, பன்னிரண்டு ஆண்டுகளாக என்னை விடாது தொடர்ந்துவரும் ஒரு கேள்வி என்னைத் தேரச் செய்ததா என்று எனக்கே விளங்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியன் அரியணையில் மயங்கி வீழ்ந்த இடம். கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "அம்மா, ஊழ்தான் எல்லாவற்றையும் செய்தது என்று முன்பே சொன்னீர்கள். அப்படியானால் பாண்டியன் ஏன் சாக வேண்டும்?" என்று கேட்டாள். மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "அது அந்தக் காலத்து நம்பிக்கை" என்று கூறிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றேன். அது விடையன்று என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அந்தக் கேள்வியின் கூர்மை பின்னரே எனக்குப் புலப்பட்டது. சிலம்பின் பதிகம் மூன்று உண்மைகளை நூலின் நோக்கமாக வைக்கிறது. ஆட்சியில் தவறியவர்க்கு அறமே கூற்றுவனாகும் என்பது முதலாவது. கற்புடைய பெண்ணைச் சான்றோர் போற்றுவர் என்பது இரண்டாவது. முன்செய்த வினை தேடிவந்து தன் பயனைத் தரும் என்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் அருகருகே வைக்கத்தக்கவைதாமா? 'தவறினான்' என்றால் தவறாமலும் இருந்திருக்கலாம் என்பது பொருள். வினை தேடிவந்து பயன் தருமென்றால் தவறாமலிருக்க வழியே இல்லை என்று தோன்றுகிறது. ஒரே பதிகத்தில் இளங்கோவடிகள் இவ்விரண்டையும் வைத்திருக்கிறார். என் மாணவி விரல் வைத்தது இந்த இடைவெளியில்தான்.

இதனை ஆராயுமுன் சொற்களைச் சற்றுப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் விதி, ஊழ், நியதி, தலையெழுத்து என்று பல சொற்களை ஒரே பொருளில் வழங்குகிறோம். தத்துவ வரலாற்றில் இவை ஒன்றல்ல. எல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டவை, முயற்சியால் ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்ற முழு நியதிக் கொள்கையை உரைத்தவர்கள் ஆசீவகர்கள். எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை உருண்டு நிற்பதுபோல, அறிவுடையோரும் அறிவிலாரும் தமக்குரிய பிறவிகளை உழன்று முடித்தே துன்பத்திலிருந்து நீங்குவர் என்பது மற்கலி கோசாலரின் கொள்கையாகப் பௌத்த நூல்களில் கூறப்படுகிறது. தமிழகத்தில் இக்கொள்கைக்கு இருந்த செல்வாக்கை, மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகன் இடம்பெறுவதாலும், நீலகேசி அதனை மறுக்கத் தனிச் சருக்கமே வகுத்திருப்பதாலும் அறியலாம்.

வினைக் கொள்கை இதனின்று வேறுபட்டது. இன்று நான் நுகர்வது நேற்று நான் செய்தது என்று அது கூறுகிறது. அப்படியானால் நேற்றுச் செய்தபோது நான் உரிமையுடையவளாக இருந்திருக்க வேண்டும். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் முற்பிறப்புக் கதையும் இத்தகையதே. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக் கொடுத்தான். அதன் பயனே இக்கொலை என்கிறது தெய்வம். பரதன் அவ்வாறு காட்டிக்கொடுத்ததும் அதற்கு முந்திய பிறப்பின் வினையாலா என்று கேட்டால் தெய்வம் அதற்கு விடை தரவில்லை. சங்கிலியை எவ்வளவு தொலைவு பின்னோக்கி இழுத்தாலும், எங்கோ ஒரு கண்ணியில் ஒருவன் தானாக ஒன்றைச் செய்திருக்க வேண்டும். இல்லையேல் 'வினை' என்ற சொல்லுக்கே பொருளில்லை.

திருக்குறளில் இந்த இருநிலை மேலும் தெளிவு. அறத்துப்பாலின் இறுதி அதிகாரமாகிய 38ஆம் அதிகாரம் ஊழ். அதன் இறுதிக் குறள் ஊழினும் வலியது வேறில்லை என்று முடிகிறது. பொருட்பாலின் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளோ, சோர்வின்றி முயல்வோர் ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வர் என்கிறது. 380ஐயும் 620ஐயும் எதிரெதிரே நிறுத்திப் பட்டிமன்றம் நடத்துவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அவ்விரண்டையும்விட 618ஆம் குறளே திறவுகோலாகத் தோன்றுகிறது. நல்லூழ் இல்லாமை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து. எது வலியது என்ற வினாவை விடுத்து, எதற்கு நாம் பொறுப்பு என்ற வினாவுக்கு வள்ளுவர் இங்கே வருகிறார். நம் ஆராய்ச்சி செல்ல வேண்டிய வழியும் அதுவே என்பது என் துணிபு.

இன்றைய அறிவியல் இதுபற்றிக் கூறுவதையும் காண்போம். 1965இல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இருவர், நாம் கையை அசைக்குமுன்னரே மூளையில் ஒருவகை மின்மாற்றம் எழுவதைப் பதிவு செய்தனர். 1983இல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் ஒரு படி மேலே சென்றார். விரும்பிய கணத்தில் கையை அசைக்கவும், 'அசைக்க வேண்டும்' என்ற எண்ணம் எழுந்த கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளியைக் கொண்டு குறிக்கவும் சிலரைக் கேட்டார். மூளையின் மின்மாற்றம் அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லி வினாடிக்கு முன் தொடங்கியது. எண்ணம் எழுந்ததாக அவர்கள் குறித்ததோ ஏறத்தாழ 200 மில்லி வினாடிக்கு முன்தான். நாம் விரும்புவதாக அறியுமுன்பே மூளை ஆயத்தமாகிவிட்டது. 'உரிமை என்பது மாயை' என்று பலர் இதனைக் கொண்டு முழங்கினர். 2012இல் ஷர்கரும் அவருடன் ஆய்ந்தோரும், அம்மின்மாற்றம் முடிவெடுத்ததன் அடையாளமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, மூளையின் இயல்பான ஏற்றயிறக்கங்களே கூடி ஓர் எல்லையை எட்டுவதாகவும் கொள்ளலாம் என்று வேறு விளக்கம் தந்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் லிபெட் கூறிய ஒன்று நம் கருத்துக்குரியது. தூண்டல் நம் அறிவுக்கு முன்னரே எழலாம், ஆனால் அசைவு நிகழுமுன் அதனைத் தடுத்து நிறுத்தும் சிறு இடைவெளி நமக்கு இருக்கிறது என்பதே அது.

இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்புவோம். கொலைக்களக் காதையில் பாண்டியன் நிற்கும் நிலை என்ன? ஆடல் மகளிரின் கூத்தைக் கண்டு மகிழ்ந்திருந்த அரசன்மீது ஊடிக் கோப்பெருந்தேவி எழுந்து சென்றுவிட்டாள். அமைச்சரை நீங்கி, அவள் ஊடலைத் தணிக்க அரசன் விரைகிறான். அவ்வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று கொணர்க என்று காவலர்க்கு ஆணையிட்டுவிட்டு அரசன் செல்கிறான். வினை விளையும் காலம் அது என்று கவிஞர் கூறுகிறார். ஆனால் அதே கவிஞர், அரசன் அமைச்சரை நீங்கி வந்தான் என்பதையும் தேவியின் ஊடலையும் நமக்குக் காட்டாமல் விடவில்லை. கேட்கும் கடமை உடையவன், கேட்பதற்கான இடைவெளியைத் தாண்டிச் சென்றுவிட்டான்.

கொலைக்களத்திலும் அப்படியோர் இடைவெளி வருகிறது. கோவலனைப் பார்த்த காவலர், இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை நெடுநேரம் விரித்துரைத்தே அத்தயக்கத்தைக் கரைக்க வேண்டியிருக்கிறது. இறுதியில் வாளை வீசியவன் யார்? கல்லாதவன், கள்ளுண்டு களித்தவன் என்று அவனுக்கு அடைமொழி தருகிறார் இளங்கோவடிகள். இதனை நான் பல ஆண்டு வெறும் வருணனையாகவே நடத்தினேன். நின்று எண்ணும் ஆற்றலைக் கல்வி தருகிறது, கள் அழிக்கிறது. அவ்விரு வகையாலும் இடைவெளியை இழந்தவன் கையிலிருந்துதான் வாள் பாய்கிறது.

இப்போது வழக்குரை காதை. கண்ணகி அரசனைக் கொடியவன் என்றோ கள்வன் என்றோ விளிக்கவில்லை. ஆராய்ந்து பாராதவன் என்றே விளிக்கிறாள். அவள் சாட்டும் குற்றம் அந்த இடைவெளியைப் பயன்படுத்தாத குற்றம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபின், தேவியின் சிலம்பிலிருந்தவை முத்துகள் என்பதை அறிந்த அரசன் என்ன கூறுகிறான்? 'விதி' என்று அவன் கூறவில்லை. கூறியிருந்தால் நூலில் பாதிப்பேர் அதனை ஒப்புக்கொண்டிருப்பர். பதிகமே அவனுக்குச் சான்று சொல்லியிருக்கும்! பொற்கொல்லனை அவன் குறிப்பிடுகிறான், மறைக்கவில்லை. ஆனால் அவன் பேச்சின் எழுவாய் பொற்கொல்லனல்லன். அவன் சொல்லைக் கேட்ட தான். கள்வன் என்ற பெயரைத் தனக்கே சூட்டிக்கொண்டு வீழ்கிறான்.

கோவலனும் இவ்வாறே. கானல்வரியில் அவன் மாதவியைப் பிரிவதற்கு ஊழ்வினையைக் காரணமாகக் கூறுபவர் கவிஞர். பின்னர்ப் புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணி கொணர்ந்த மாதவியின் ஓலையைப் படித்தபின், அவளிடம் குற்றமில்லை, குற்றம் தன்னுடையது என்று உணர்பவன் கோவலன். கண்ணகியோ தொடக்கத்திலேயே தன் நிலையை உணர்த்திவிடுகிறாள். முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறியதால் வந்த துன்பம் இது, இரு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவன் வருவான் என்று தேவந்தி ஊழையும் காட்டிப் பரிகாரத்தையும் காட்டுகிறாள். அது தனக்குப் பெருமையன்று என்று ஒரு சொல்லில் கண்ணகி மறுத்துவிடுகிறாள்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகிறது. ஊழைப் பேசுவோர் கவிஞர், தேவந்தி, மதுராபதித் தெய்வம் போன்றோர். நிகழ்ச்சியைப் புறத்தே நின்று காண்போர் இவர்கள். தன் செயலின் நடுவே நிற்கும் பாண்டியனோ கோவலனோ, தீர்க்கமான கணத்தில் ஊழின் பின்னே ஒளிந்துகொள்வதில்லை. என் மாணவியின் கேள்விக்கு விடை காட்சிக் காதையில் இருக்கிறது. பாண்டியன் இறந்த செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், கோலை வளைத்தது வினைதான், ஆனால் பிரிந்து சென்ற அரசனின் உயிர் அதனை நிமிர்த்திச் செங்கோலாக்கிவிட்டது என்ற கருத்துப்படப் பேசுகிறான். வளைவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். அவற்றை ஊழ் என்றாலும் மூளையின் மின்மாற்றம் என்றாலும் எனக்கு மறுப்பில்லை. வளைந்தது என் கோல் என்று ஒப்புக்கொள்ளும் செயல் மட்டும் எவரும் எனக்காகச் செய்துதர முடியாதது. உள்ளத்து உரிமை என்று நான் கூறுவது அதனையே.

அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தன் செயலுக்கு ஊழைக் காரணம் காட்டுவது கோழைமை என்றால், பிறர் துன்பத்துக்கு ஊழைக் காரணம் காட்டுவது கொடுமை. பல்லக்கைப் பற்றிய 37ஆம் குறளை எண்ணிப் பாருங்கள். அறத்தின் பயனை நூல் கொண்டு உணர்த்த வேண்டா, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் கண்டாலே விளங்கும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இதுதான் அறத்தின் வழி என்று அவர்களைக் காட்டிக் கூறாதே என்று பொருள் கண்டோரும் உண்டு. எந்த உரை சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். சுமப்பவனின் தோளைக் காட்டி 'அது அவன் வினை' என்று பல்லக்கினுள்ளிருந்து ஒருவன் கூறுவானாயின் அது தத்துவமாகாது, தன்னலமே ஆகும்.

சிலம்பிலேயே இதனினும் கொடிய சான்று உண்டு. பாண்டியன் குற்றத்தைத் தன்மேல் ஏற்று இறந்தான். அவனுக்குப்பின் வந்த வெற்றிவேற்செழியன் என்ன செய்தான்? பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்கிறது உரைபெறு கட்டுரை. ஒருவன் பொய்யுரைத்தான், அவன் தொழிலில் பிறந்த ஆயிரவர் இறந்தனர். அவர்களில் எவன் சிலம்பைத் திருடினான்? எவனுக்கு இடைவெளி தரப்பட்டது? பிறப்பையும் தொழிலையும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்கும்போது அவரது உள்ளத்து உரிமையையே நாம் மறுத்துவிடுகிறோம். நாம் அந்த வரியை விரைந்து கடந்துவிடுகிறோம். இனிக் கடவாதிருப்போம்.

ஊழை நேரிய முறையில் கையாண்டவர் கணியன் பூங்குன்றனார். புறநானூற்றின் 192ஆம் பாடலில் ஆற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பமாக உயிரைக் காண்கிறார் அவர். அதனின்று அவர் பெறும் முடிவு, ஆதலால் முயலாதே என்பதன்று. பெரியோரைக் கண்டு வியக்க வேண்டியதில்லை, சிறியோரை இகழ்வது அதனினும் தகாது என்பதே அவர் முடிவு. 2023இல் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி, மனிதனுக்கு விருப்புரிமையே இல்லை என்று நிறுவ ஒரு பெருநூல் எழுதினார். அதன் பயனாக அவர் வேண்டுவதும் பிறரைப் பழிப்பதையும் தம்மைப் பற்றிச் செருக்குவதையும் விட்டுவிடுங்கள் என்பதுதான். அவர் முன்னுரையை நான் முழுதும் ஏற்கவில்லை. முடிவுரை நம் கணியனாருக்கு வெகு அருகில் வந்து நிற்பதை மட்டும் குறிக்கிறேன். பிறர் பிழையை எண்ணும்போது வெள்ளத்தை நினைப்பதும், தன் பிழையை எண்ணும்போது துடுப்பை நினைப்பதும் முரணாகா. ஒரே அறத்தின் இரு பக்கங்கள்.

"நின்று எண்ணும் அந்த ஆற்றலும் ஒருவனுக்குக் காரணங்களால் வாய்ப்பதுதானே?" என்று கேட்கலாம். ஆம், வாய்ப்பதுதான். எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவரே எண்ணிப் பார்ப்பர். வாளெறிந்தவன் கல்லாதவன் என்று கவிஞர் குறித்தது அதனால்தான் போலும். அவ்வாறாயின் உரிமை பிறவியில் வந்த உடைமையன்று. ஒருவர் மற்றொருவருக்குத் தேடித் தர வேண்டியது. ஒரு பெண் குழந்தையின் படிப்பை நிறுத்தும்போது நாம் நிறுத்துவது பாடத்தை மட்டுமன்று, அவள் நின்று எண்ணப்போகும் இடைவெளிகள் அத்தனையையும்.

நான் சொல்லாமல் விட்ட பகுதிக்கு வந்துவிட்டேன். கேள்வி கேட்ட அந்த மாணவி மூன்றாம் ஆண்டு கல்லூரிக்கு வரவில்லை. வீட்டில் திருமணம் நிச்சயித்துவிட்டார்கள் என்று உடன்படித்தவர்கள் கூறினர். ஆசிரியர் அறையில் யாரோ, "நன்றாகப் படிக்கிற பெண், என்ன செய்வது, தலையெழுத்து" என்றார்கள். நானும் தலையசைத்தேன். அவள் ஊர் பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. முகவரி அலுவலகத்தில் இருந்தது. நான் சென்று பேசியிருந்தால் அவள் பெற்றோர் மனம் மாறியிருப்பார்கள் என்று உறுதி கூற மாட்டேன். ஒருவேளை மாறியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் செல்லாமலிருந்தது எவர் வினை? அவளுடையதன்று. முற்பிறப்பில் நான் செய்ததும் அன்று. அந்தச் சனிக்கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது, அவ்வளவுதான். வகுப்பில் பாண்டியனின் வீழ்ச்சியை உருக்கமாக நடத்திய நான், ஆசிரியர் அறையில் ஊழின் பின்னே ஒளிந்துகொண்டேன்.

கவிஞர்கள் நிறைந்த அவையாதலால் ஒன்று கூறி நிறைவு செய்கிறேன். "கவிதையை நான் எழுதவில்லை, அது வந்தது" என்று நீங்கள் பலரும் இந்த வட்டத்தில் கூறக் கேட்டிருக்கிறேன். உண்மையாகவே இருக்கலாம். முதல் அடி எங்கிருந்தோ வருகிறது. ஆனால் உங்கள் கைப்படிகளைப் பார்க்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றில் வந்த அடிகளைவிட அடித்த அடிகள் மிகுதி. ஓர் அழகிய பொய்யான அடியைப் பேனாவால் கோடிட்டு நீக்குகிறீர்களே, அந்தக் கோடு தானாக வருவதில்லை. மனிதனுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்று கேட்டால், அந்தக் கோட்டின் நீளம் உண்டு என்பேன். அது சிறிதுதான். பாண்டியனின் கோலை நிமிர்த்த அது போதுமானதாக இருந்தது.

இப்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு மாணவி தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால் முகவரியை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறேன். சில வீடுகளில் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண்ணுக்குத் தர வேண்டிய விடையை இன்று உங்கள் முன்னிலையில் தந்திருக்கிறேன். காலம் கடந்த விடைதான்.